பர்ஸில் நான் வைத்த ஐந்து காய்

பிள்ளைகளா,

அப்பா ஏன் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டுக் களை வெட்டப் போகிறான் என்று உங்கள் இருவரிடமும் நான் சொன்னதில்லை. உங்கள் அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள். போன வாரம் பெரியவள் மதுரைக் காலேஜிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவள், கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்க ஸ்டோர்ல ஏலக்காய் எடுத்தீங்களா?"

கூட ரயிலில் வரும் பிள்ளை யாரோ சொல்லியிருக்கிறது. சின்னவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவனும் எங்கேயோ கேட்டிருக்கிறான், கேட்டு வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல ஆத்தா" என்றேன். முழுதையும் வாயால் சொல்லப் போனால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர் வேலை என்றால் என்ன என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. தோட்டத்தில் பறித்த பச்சை ஏலக்காய் அன்றைக்கே உலர்த்தும் கட்டிடத்துக்கு வந்துவிட வேண்டும். அதைத்தான் ஸ்டோர் என்கிறோம். அடியில் விறகு எரியும். மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும், வெளுக்கும். குறைந்தால் வேர்த்துப் பூசணம் பூக்கும். எப்போது விறகைத் தள்ள வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்பதற்கு மெஷின் இருக்கிற இடமும் உண்டு. எங்கள் ஸ்டோரில் நான்தான் மெஷின். பதினோரு வருடம். காய் பச்சை மாறாமல் இறங்கும். முதலாளி போடியில் நாலு பேர் இருக்கிற இடத்தில் அந்தக் காயைக் காட்டிப் பேசுவார் என்று டிரைவர்கள் வந்து சொல்வார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் எல்லோரையும் பார்ப்பார்கள். தூக்குச் சட்டியைத் திறக்க வேண்டும், மடியை உதற வேண்டும், மழைக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் விரித்துக் காட்ட வேண்டும். பொம்பளைகளை ஒரு அம்மா தடவிப் பார்ப்பாள். ஒரு பிடி காய்க்கு ஒரு நாள் கூலி கிடைக்கும் காலத்தில் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்டோர் சாவி வைத்திருப்பவனை மட்டும் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது நான் ஓரமாக நடந்து வெளியே வருவேன். எனக்கு அதற்காகக் கூடுதலாக ஒன்றும் தந்ததில்லை. இருந்தாலும் பதினோரு வருடத்தில் நான் சம்பாதித்தது எது என்று கேட்டால், அந்த ஓரமாக நடந்து வந்ததைத்தான் சொல்வேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தோட்டத்திலிருந்து போடிக்குக் கீழே இறங்கும் ஜீப்பு வழக்கம்போல மலையுச்சியில் இருக்கும் மெட்டில் டீக்கு நின்றது. காலையிலிருந்து விடாத மழை. கை கழுவக் கடைக்குப் பின்னால் போனேன். குழாயடிச் சகதியில் ஒரு பர்ஸ் கிடந்தது. தோல் ஊறிப்போய் உப்பிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒரு வெள்ளைக் காரு நின்னுச்சுண்ணே. குடும்பமா வந்தாக. போயி ரொம்ப நேரமாச்சு" என்றார் அவர். "இங்கன வச்சுட்டுப் போங்க. தேடி வந்தாகன்னா குடுத்துர்றேன்."

அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். மெட்டில் அதுதான் பழக்கம். குடையோ, சால்வையோ, செருப்போ எது கிடந்தாலும் டீக்கடையில்தான் வைப்போம். ஆனால் அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. என் கையால் கொடுத்தால்தான் போய்ச் சேரும் என்று நினைத்தேன். கேட்டில் ஓரமாக நடக்கிறவனுக்கு வரும் கர்வம் அது. இப்போது தெரிகிறது.

ஜீப்பில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தான். "என்ன மாப்ளே, உள்ள என்ன இருக்குன்னு பாரு. ஆளுக்கு ரெண்டு பரோட்டாவாச்சும் தேறுமா?"

"ஓட்டுடா, வளைவு வருது" என்றேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சொன்னாள்: "அவரு பரோட்டா வாங்கித் தர்ற மூஞ்சியா? ஒரு காய் கீழ விழுந்தாலே பொறக்கிட்டு வந்து தட்டுல போடுற ஆளு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ரூபாய் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எண்ணவில்லை, அப்படியே எடுத்து வெள்ளைத்துணியில் பரப்பினேன். ஒரு டிரைவிங் லைசென்சு. அதில் போட்டோவும் போடியில் வியாபாரிகள் வீடு கட்டியிருக்கும் தெருவின் பெயரும் இருந்தது. போன் நம்பர் எதிலும் இல்லை. ஒரு மடிப்பில் மஞ்சள் துணியில் முடிந்த ஐந்து ஏலக்காய். எங்கள் பக்கம் பர்ஸிலும் பீரோவிலும் நாலைந்து காய் போட்டு வைப்பது உண்டு. லட்சுமி தங்கும் என்பார்கள். வாசனைக்கும் ஆகும். அவர் காய் எத்தனை வருடத்துக் காயோ, அன்றைய ஈரத்தில் நசிந்து கறுத்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

இந்த இடத்தில்தான் என் கை எனக்குச் சத்துரு ஆயிற்று. பூசணம் கண்ட காயை ஸ்டோர்க்காரன் விட்டுவைக்க மாட்டான். ஒரு காய் பூத்தால் ஒரு மூட்டை போய்விடும். நான் யோசிக்கவே இல்லை. துணியைப் பிரித்து ஐந்தையும் சாக்கடையில் போட்டேன். துணியைச் சோப்புப் போட்டு அலசினேன். பர்ஸைத் துடைத்து, அடுப்பு அணைத்த பிறகு அந்தச் சூட்டுக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் வைத்து, காயை உலர்த்துகிற பக்குவத்திலேயே திருப்பித் திருப்பி உலர்த்தினேன். தோல் சுருங்காமல் வந்தது.

பிறகு அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்தேன். சீசனில் முதல் தீ போடும் அன்றைக்கு ஸ்டோர் அடுப்புக்குப் பூஜை போட்டு, முதல் தட்டில் இறங்கும் காயில் ஆளுக்கு ஒரு பிடியை முதலாளி தன் கையாலேயே தருவார். உங்களுக்குப் பாயசத்துக்குப் போடுகிறது அந்தக் காய்தான். அதில் பருத்த காயாக, நல்ல பச்சையாக ஐந்து பொறுக்கினேன்.

உங்கள் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத ஏங்க மாத்துறீக? உள்ளத உள்ளபடி குடுத்துட்டு வாங்க."

"பூத்த காய எப்படிக் குடுக்கிறது? என்னைய என்ன நெனப்பாரு?"

"அவரு காயி. அவரு நெனச்சுக்கிட்டுப் போறாரு. ஒங்களுக்கு என்ன சோலி அதுல?"

நான் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் ஐந்து காயையும் முடிந்து, இருந்த மடிப்பிலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று விவரம் சொன்னேன். லைசென்சில் இருந்த மனுசரே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினார்.

"மெட்டுலயா கெடந்துச்சு? நான் வண்டிய ரெண்டு தரம் கொடஞ்சுட்டேன்யா. லைசென்சு போயிருந்தா அலைஞ்சே செத்திருப்பேன்."

லைசென்சைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். கடைசியாக மஞ்சள் துணியை எடுத்தார். முடிச்சை அவிழ்த்ததும் அவர் முகம் மாறியது. ஒரு காயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். நகத்தால் கீறினார். ஒரு விதையை எடுத்துப் பல்லில் வைத்தார். ஏலக்காய் வியாபாரி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இது நான் வச்ச காய் இல்லையே."

"இல்லைங்க. அது பூசணம் பூத்துருச்சு. தூக்கிப் போட்டுட்டு நான்தான் வச்சேன்."

"எந்த ஸ்டோர்ல எறங்குன காய்?"

சொன்னேன்.

"அதான பாத்தேன். இந்தப் பச்சை அங்கன மட்டுந்தான் எறங்கும். வருசா வருசம் நான் வாங்குற காய்தான இது."

அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஒலத்துனதுங்க. நான்தான் அங்க ஸ்டோர் பாக்குறேன்" என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "இன்னும் இருக்கா?"

"வீட்ல ஒரு டப்பால கெடக்குங்க. வேணும்னா கொண்டாறேன்."

பிள்ளைகளா, இதைப் படித்தால் உங்களுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை. ஆனால் போடியில் பிறந்தவன் எவனுக்கும் தெரிய வேண்டியது இது: காய் விற்க வருகிறவன் விற்க வந்தேன் என்று வாய் திறந்து சொல்ல மாட்டான். நாலு காயை எடுத்து வியாபாரி கையில் வைப்பான். அவர் ஆட்டிப் பார்ப்பார், கீறிப் பார்ப்பார், எந்தத் தோட்டம் என்பார், இன்னும் இருக்கா என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒழுங்கான காயும் அப்படித்தான் விற்கும். ஸ்டோரிலிருந்து மடியில் கட்டி வந்த காயும் அப்படித்தான் விற்கும். நான் ஒரு மனுசரின் பர்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் கணக்கில், அவர் கையில் இருந்தது ஸ்டோர்க்காரன் விற்கக் காட்டிய சாம்பிள்.

அவர் பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.

"வேணாங்க."

"அட, புடியா. புள்ளைகளுக்கு எதாச்சும் வாங்கிக் குடு."

"மனுசனுக்கு மனுசன் செய்யிறதுதானங்க. இதுக்குப் போயி."

"வேணவே வேணாமா?" என்று இன்னொரு தரம் கேட்டார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் என் காசில் உங்களுக்குக் கால் கிலோ பூந்தி வாங்கினேன். "என்னப்பா விசேசம்?" என்று சின்னவன் கேட்டான். சும்மா என்றேன்.

திங்கட்கிழமை ஜீப்பை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் போனால் கதவு திறந்திருந்தது. என் இடுப்பில் ஒரு சாவி இருக்க, இன்னொரு சாவியால் திறந்திருக்கிறார்கள். முதலாளி உள்ளே அடுப்பின் பக்கம் நின்றார். அவர் திங்கட்கிழமை மலைக்கு வருகிறவர் இல்லை.

"நேத்து யாரு வீட்டுக்குப் போன?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பூஜைக் காய் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"பூஜைக்கு நான் குடுத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு. ஒன்னைய நான் நம்புறேன். இல்லேன்னு சொல்லல."

"பெறகென்ன மொதலாளி?"

"அவரு எனக்குப் போனப் போட்டு, ஒன் ஸ்டோர்க்காரன் காய வெளிய விக்கிறான், பாத்துக்கன்னு சொல்றாரு. அவருகிட்ட நான், இல்லண்ணே, அது பூஜைக்காயின்னு வாதாடவா? வாதாடுனா நம்பிருவாரா? நல்ல காய் பின்வாசல் வழியா போகுது, இவன் நமக்குத் தர்றது மிச்சந்தான்னு பேச்சு கெளம்பிருச்சுன்னா என் காய எவன் கேப்பான்?"

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் மொதலாளி."

"நீ எதுக்குய்யா அடுத்தவன் பர்ஸுல காய வச்ச?"

பூத்த காயைப் பார்த்தால் மாற்றத் தோன்றும் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? ஸ்டோர்க்காரனுக்குப் புரியும். அங்கே என்னைத் தவிர வேறு ஸ்டோர்க்காரன் இல்லை.

"கொஞ்ச நாளைக்குக் களை வெட்டுல நில்லு. பேச்சு அடங்கட்டும். பெறகு பாப்போம்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். அது நடந்து இது இரண்டாவது சீசன்.

அன்று சாயங்காலம் கேட்டில் நான் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கால் பழக்கத்தில் ஓரமாகப் போயிற்று. வாட்ச்மேன் மலையாளத்துக்காரர், என்னோடு எத்தனையோ நாள் அடுப்படியில் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்தவர். அவர் என் கண்ணைப் பார்க்காமல் கையைக் குறுக்கே நீட்டினார். "எந்தா செய்யுக அண்ணே. எல்லாரையும் நோக்கணும்னு சொல்லியாச்சு."

தூக்குச் சட்டியைத் திறந்தேன். மடியை உதறினேன். காலையில் தின்ற சோற்றுப் பருக்கை ஒன்று விழுந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்து தங்கள் சட்டியைத் திறந்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சிரிப்பு ஜீப்பில் வந்தது. "மாப்ளே, இனிமே பர்ஸு கெடந்தா எங்ககிட்டக் குடுத்துரு. நாங்களா இருந்தா பரோட்டாவோட முடிச்சிருப்போம்" என்றான் டிரைவர். அவன் கெட்டவன் இல்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் ஆறும் என்று நினைத்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நடுவில் ஒரு நாள் அந்த வியாபாரியின் கடைக்குப் போனேன். கெஞ்சப் போகவில்லை. விவரம் சொல்லப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். முழுதும் கேட்டார்.

"இருக்கலாம்யா" என்றார். "நீ நல்லவனாவே இருக்கலாம். நான் பாத்தத நான் சொன்னேன். அந்த ஐந்நூற நீ வாங்கிட்டுப் போயிருந்தீன்னா, பர்ஸக் குடுத்தான், காசு வாங்குனான்னு நானும் சும்மா இருந்திருப்பேன். குடுக்கிற காச வேணாங்கிறவன், அதுக்கு மேல எதையோ மனசுல வச்சுத்தான வருவான்? ஒலகத்துல வேற எதுக்கு வருவான், நீயே சொல்லு."

"நீங்க போன் பண்ணிச் சொன்னா மொதலாளி கேப்பாருங்க."

"சொன்னத மாத்திச் சொன்னா நாளைக்கு என் பேச்ச எவன் மதிப்பான்?"

அவர் மேசையில் அந்த பர்ஸ் இருந்தது. தோல் சுருங்காமல் நன்றாக இருந்தது.

எனக்கு யார் மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். வியாபாரி பொய் சொல்லவில்லை. முதலாளி என்னை நம்பாமல் இல்லை. பொய் சொன்னவன், பழி போட்டவன் என்று ஒருத்தன் இருந்தாலாவது அவனைத் திட்டிவிட்டுத் தூங்கலாம். நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கினார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திருடன் என்று சொல்லி விரட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன்.

புது ஸ்டோர்க்காரன் காய் வெளுத்துத்தான் இறங்குகிறது. களை வெட்டுகிற இடத்திலிருந்து புகையைப் பார்த்தாலே சூடு கூடிப்போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு அற்பச் சந்தோசம் இருந்தது. காய் விற்காமல் நின்றுபோகும், என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். வெளுத்த காயும் விற்றுவிட்டது. அதே வியாபாரிதான் வாங்கினார் என்று டிரைவர் சொன்னான். என் பச்சை இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் அம்மா இன்றுவரை "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த டப்பாவை மட்டும் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். பொங்கலுக்குப் பாயசத்தில் வாசனை இல்லை என்று நீங்கள் இருவரும் குறைப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆகையால் பெரியவளே, அப்பா காய் எடுக்கவில்லை. சின்னவனே, உன்னிடம் யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதே. கீழே கிடந்தால் எடுத்துக் கொடு என்றோ, கண்டும் காணாமல் போ என்றோ உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு வாய் கசக்கிறது. அதனால் போன சனிக்கிழமை நான் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஜீப்பில் நான் இப்போது ஏறுவதில்லை. தோட்டத்திலிருந்து மெட்டு வரைக்கும் தனியாக நடந்து வந்து அங்கே பஸ்சு பிடிக்கிறேன். போன சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தேன். வழியில் இருக்கும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் வண்டிச் சக்கரம் ஏறுகிற இடத்தில், பொம்பளைகள் வைத்திருக்கும் சின்ன மணிபர்ஸ் ஒன்று கிடந்தது. சிவப்பு. ஜிப் மூடியிருந்தது. தோட்டத்துக்குப் போய்வருகிற யாரோ ஒருத்தியின் ஒரு வாரக் கூலியாகக்கூட இருக்கலாம்.

நான் தாண்டிப் போனேன். பத்தடி போயிருப்பேன். ஏதாவது லோடு ஜீப்பு வந்தால் நசுங்கிவிடுமே என்று திரும்பி வந்தேன். இரண்டு விரலால் எடுத்தேன். திறக்கவில்லை. யாருடையது என்று பார்க்கவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல், வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, காற்றில் போகாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு நடந்தேன்.

அடுத்த திருப்பத்தில் தூறல் ஆரம்பித்தது. பாலத்துக்குத் திரும்பி நடந்தேன். தூக்குச் சட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையை உருவி, கல்லைத் தூக்கி, மணிபர்ஸைப் பைக்குள் போட்டு, வாயை இரண்டு முடிச்சாக இறுக்கி, மறுபடியும் கல்லை வைத்தேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று வெரசாக நடந்தேன்.